3 வயசுக்கு அப்புறம் என்ன? தென்னாப்பிரிக்கா டர்பன் ஊர் அம்மாக்கள் சொல்லுங்க

சாட்ஸ்வொர்த்ல இருக்கோம், பையனுக்கு 3 ஆகப்போகுது, இன்னும் ரெண்டு வார்த்தை சேர்த்துப் பேசல, ஸ்பீச் தெரபி போயிட்டிருக்கு. அமெரிக்கால 3 வயசுல ஸ்கூல் டிஸ்ட்ரிக்டே பொறுப்பெடுத்துக்கும்னு நாத்தனார் சொல்றா. இங்க எப்படி?

பதில்: இங்க பொறுப்பு தானா ஸ்கூலுக்கு மாறாதும்மா, நாமதான் கேக்கணும். 2014 எஸ்ஐஏஎஸ் பாலிசிப்படி (உதவி தேவைப்படுற பிள்ளைகளைக் கண்டுபிடிச்சு சப்போர்ட் பண்ற அரசு பாலிசி) ஸ்கூல்ல டீச்சர் எஸ்என்ஏ 1 ஃபார்ம், அதாவது என்ன உதவி வேணும்னு பாக்குற ஃபார்ம் நிரப்புவாங்க, அது பத்தலன்னா ஸ்கூல் சப்போர்ட் டீம் எஸ்என்ஏ 2 நிரப்பும், அதுக்கப்புறம்தான் டிஸ்ட்ரிக்ட் டீமுக்குப் போகும். தெரபி ரிப்போர்ட், ரோட் டு ஹெல்த் புக்லெட் (கிளினிக்ல குடுக்குற குழந்தை ஹெல்த் புக்) ரெண்டும் காப்பி எடுத்து வை.

பதில்: அவன் ஏதாவது வேணும்னா எப்படிக் கேப்பான்னு ஸ்கூலுக்கு எழுதிக் குடுங்க அக்கா. என் பொண்ணு தண்ணி வேணும்னா டம்ளரைக் கவுத்து வைப்பா, கிரெஷ்ல அடம்னு நெனச்சுட்டாங்க, பாவம்.

பதில்: வீட்ல தமிழை நிறுத்தச் சொன்னா கேக்காதீங்க, ரெண்டு மொழி கேக்குறதால பேச்சு தாமதமாகாது.