அமெரிக்காவில் பள்ளிக்கூட பாஸ்கெட்பால் ரெஃப்ரி ஆவது எப்படி?

கேள்வி (பிளேனோ, டெக்சாஸ்)

எல்லோருக்கும் வணக்கம். கோயம்புத்தூரில் கல்லூரி டீமில் ஆடியிருக்கிறேன். இப்போது எச்-4 விசா (எச்-1பி ஊழியரின் குடும்பத்துக்கானது), ஈஏடி என்ற வேலை அனுமதி அட்டையும் கையில் இருக்கு. சாயங்காலமும் சனி ஞாயிறும் நேரம் கிடைக்கும். இங்கே சின்னப் பிள்ளைகள் லீக்குக்கும் ஹைஸ்கூல் ஆட்டங்களுக்கும் ரெஃப்ரி ஆள் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். எங்கே ஆரம்பிப்பது, என்ன செலவாகும்? என் கணவருக்கும் ஆசை, அவர் எச்-1பி வேலை விசாவில் இருக்கிறார். சேரலாமா?

பதில் 1

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதுதான் ஆபத்தானது. உங்கள் கணவர் சேரக் கூடாது. எச்-1பியில் மனு போட்ட கம்பெனிக்கு மட்டும்தான் வேலை செய்யலாம். ரெஃப்ரிக்குக் கொடுப்பது மாதச் சம்பளம் இல்லை, ஆட்டத்துக்கு இவ்வளவு என்று காண்டிராக்டர் கூலி. ஆனாலும் குடியேற்றச் சட்டத்தின் கண்ணில் அதுவும் வேலைதான். ஒரு சனிக்கிழமை 40 டாலருக்கு விசில் ஊதியதற்கு, பின்னால் கிரீன் கார்டு நேரத்தில் பதில் சொல்ல வேண்டியிருக்கும். "காசே வேண்டாம், சும்மா ஊதுகிறேன்" என்பதும் வழி ஆகாது. வழக்கமாகக் கூலி கொடுக்கும் வேலையை இலவசமாகச் செய்தாலும் அனுமதியில்லாத வேலை என்று பார்க்க இடம் இருக்கு. பெற்றோர் எல்லோருமே தொண்டாக ஊதும் சின்ன லீக் என்றால் நிலைமை வேறு, அதையும் குடியேற்ற வக்கீலிடம் கேட்டுவிட்டுச் செய்யட்டும்.

உங்களுக்குத் தடை இல்லை. எச்-4 ஈஏடியில் யாரிடமும் வேலை செய்யலாம், சொந்தமாகவும் செய்யலாம். அட்டையின் கடைசித் தேதியை மட்டும் கவனித்துக்கொள்ளுங்கள். 2025 அக்டோபர் 30 முதல் போடும் புதுப்பிப்பு மனுக்களுக்குத் தானாகக் கிடைத்த நீட்டிப்பு எடுபட்டுவிட்டது. மனு போட்டிருக்கிறோமே என்று தேதி தாண்டி ஊதாதீர்கள்.

எஃப்-1 மாணவர்கள் இதைப் படித்தால்: வெளியே ஊதக் கூடாது, ஆனால் உங்கள் பல்கலைக்கழகத்தின் இன்ட்ராமியூரல் (மாணவர்களுக்குள்ளேயே நடக்கும்) ஆட்டங்களுக்கு ஊதலாம். அது கேம்பஸ் வேலை, வகுப்பு நடக்கும் காலத்தில் மொத்தம் வாரத்துக்கு 20 மணி நேரம் வரை. பயிற்சியும் அவர்களே தருவார்கள். புதியவருக்கு அதைவிட நல்ல ஆரம்பம் எனக்குத் தெரிந்து இல்லை. எச்-4இல் இருக்கும் பதினைந்து பதினாறு வயதுப் பிள்ளைகள் கூலிக்கு ஊத முடியாது. இங்கே பிறந்த பிள்ளைக்கு அந்தச் சிக்கல் இல்லை.

பதில் 2

விசா விஷயம் முடிந்தது, சேரும் வழியைச் சொல்கிறேன்.

ஹைஸ்கூல் ஆட்டத்துக்குப் பள்ளிக்கூடம் நேராக ஆள் எடுக்காது. ஊர் ஊராக ரெஃப்ரிகள் சங்கம் இருக்கும், அதில் சேர வேண்டும். டெக்சாஸில் டாசோ என்ற அமைப்பின் கீழ் ஊர்வாரியாக சாப்டர்கள் (கிளைகள்), டல்லாஸ் பக்கமும் உண்டு. நியூ ஜெர்சி, கனெக்டிகட் பக்கம் போனால் ஐஏஏபிஓ என்ற ரெஃப்ரி அமைப்பின் போர்டுகள். இல்லினாயில் மாநிலப் பள்ளி விளையாட்டுச் சங்கமான ஐஎச்எஸ்ஏவிலேயே லைசென்ஸ் வாங்க வேண்டும். மாநிலம் எதுவானாலும் படிகள் ஏறக்குறைய இவைதான்: பதிவுக் கட்டணம், பின்னணிச் சோதனை, தலையில் அடிபடுவது பற்றிய ஆன்லைன் பாடம், விதிமுறைத் தேர்வு, சங்கத்தின் கூட்டங்கள். விதிப் புத்தகம் என்எஃப்எச்எஸ் (ஹைஸ்கூல் விளையாட்டுகளின் தேசியக் கூட்டமைப்பு) வெளியிடுவது. தேர்வு பல இடங்களில் புத்தகத்தைப் பார்த்தே எழுதலாம், அதனால் தேறுவது கஷ்டமில்லை. பார்க்காமல் சொல்லத் தெரிவதுதான் கோர்ட்டில் உதவும்.

காலம் முக்கியம். சீசன் நவம்பரில் தொடங்கி பிப்ரவரி, மார்ச் வரை போகும். புதியவர்களுக்கான வகுப்பு ஆகஸ்ட் முதல் அக்டோபருக்குள் முடிந்துவிடும். டிசம்பரில் போய்க் கேட்டால் அடுத்த வருஷம் வாருங்கள் என்பார்கள். அப்படித் தவறவிட்டால் கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டாம். ஒய்எம்சிஏ, நகராட்சிப் பூங்காத் துறை, சர்ச் லீக், வசந்த கால ஏஏயூ (பள்ளிக்கு வெளியே ஆடும் கிளப் அணிகளின்) போட்டிகள் எல்லாவற்றுக்கும் ஆள் வேண்டும். ஹைஸ்கூலில் வார்சிட்டி (பள்ளியின் முதல் அணி) ஆட்டம் முதல் வருஷம் கிடைக்காது. ஏழாம் வகுப்பு, எட்டாம் வகுப்பு, ஃப்ரெஷ்மேன் (ஒன்பதாம் வகுப்பு), ஜேவி (பள்ளியின் இரண்டாம் அணி) என்று ஏறிப் போக வேண்டும். அதுதான் நியாயமும்கூட.

ஆட்டங்களைப் பிரித்துக் கொடுப்பவர் அசைனர். பெரும்பாலும் ஆர்பிட்டர் என்ற இணையதளம் வழியாக வரும். வர முடியாத நாட்களை முன்கூட்டியே அதில் பிளாக் செய்துவிடுங்கள். பொங்கல் சரியாக சீசன் நடுவில் வருகிறது, அதை மறக்காதீர்கள். ஏற்றுக்கொண்ட ஆட்டத்தை முதல் நாள் இரவில் கைவிடுபவரை அசைனர் சீக்கிரம் மறந்துவிடுவார். சரியாக ஊதத் தெரியாததைக்கூடப் பொறுத்துக்கொள்வார்கள், வராமல் போவதைப் பொறுக்க மாட்டார்கள்.

உடுப்பு: கறுப்பு வெள்ளைக் கோடு போட்ட சட்டை, பெல்ட் இல்லாத கறுப்புப் பேன்ட், கறுப்பு சாக்ஸ், முழுக் கறுப்பு ஷூ, வெள்ளை அடிப்பாகம்கூட வேண்டாம். ஆட்டத்துக்கு முன் போட கறுப்பு ஜாக்கெட்டை சங்கம் கேட்டால் மட்டும் வாங்குங்கள். சில மாநிலங்களில் சாம்பல் சட்டை, அதனால் சங்கத்திடம் கேட்காமல் ஆர்டர் போடாதீர்கள். விசில் ஃபாக்ஸ் 40. உள்ளே உருளும் பட்டாணி கிடையாது, எச்சில் பட்டு அடைக்காது. இரண்டு வாங்குங்கள், ஒன்று பையில் கிடக்கட்டும். ஷூவையும் சேர்த்து 200 டாலருக்குள் முடிக்கலாம். கூலி ஊருக்கு ஊர் மாறும். பல ஊர்களில் சின்னப் பிள்ளைகள் ஆட்டத்துக்கு 25 முதல் 40 டாலர் வரை தருகிறார்கள்.

பதில் 3

நம் ஊரில் ஆடியவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. உங்கள் கால்களில் ஊறியிருப்பது ஃபிபா (உலக பாஸ்கெட்பால் அமைப்பு) விதி. இங்கே ஹைஸ்கூல் விதி வேறு, ஆடியவர்கள் தடுமாறுவதே இதில்தான்.

குவார்ட்டர் 8 நிமிஷம், 10 இல்லை. கோர்ட்டின் பின் பாதியிலிருந்து பந்தைக் கொண்டுவர 10 விநாடி, 8 இல்லை. ஷாட் கிளாக்கை (ஷாட் எறிய அணிக்குக் கிடைக்கும் நேரம்) 35 விநாடியாக வைத்துக்கொள்ள 2022-23 முதல் மாநிலங்களுக்கு அனுமதி உண்டு, பல மாநிலங்களில் கிடையவே கிடையாது. டைம் அவுட்டை ஸ்கோர் மேஜையில் போய்க் கேட்க வேண்டியதில்லை. பந்து தன் அணியிடம் இருக்கும்போது கோர்ட்டில் உள்ள ஆட்டக்காரரோ தலைமை கோச்சோ உங்களிடம் நேராகவே கேட்கலாம், நீங்கள் ஊதிக் கொடுக்க வேண்டும். வளையத்தில் பட்டு மேலே சுழலும் பந்தை ஃபிபாவில் தட்டிவிடலாம். இங்கே வளையத்துக்கு நேர் மேலே இருக்கும்வரை தொடக் கூடாது. டிராவலிங் (பந்தைத் தட்டாமல் கூடுதல் அடி வைப்பது) விஷயத்தில், பந்தை எடுக்கும்போது ஃபிபா 2017 முதல் கணக்கில் சேர்க்காமல் விடும் அந்த முதல் அடி இங்கே சலுகை இல்லை.

டீம் ஃபவுல் மட்டும் இப்போது பழக்கப்பட்ட மாதிரிதான். 2023-24 முதல் ஒவ்வொரு குவார்ட்டரிலும் ஐந்தாவது ஃபவுலிலிருந்து இரண்டு ஃப்ரீ த்ரோ, அடுத்த குவார்ட்டரில் கணக்கு பூஜ்யத்திலிருந்து. பழைய ஒன்-அண்டு-ஒன் (முதல் ஃப்ரீ த்ரோ விழுந்தால்தான் இரண்டாவது) போய்விட்டது. ஆனால் சில சின்ன லீக்குகள் இன்னும் பழைய முறையை வைத்திருக்கின்றன. ஓடும் கடிகாரம், 20 புள்ளி முன்னே இருந்தால் பிரஸ் (கோர்ட் முழுக்க மறித்து ஆடுவது) கூடாது, சின்னப் பந்து என்று ஒவ்வொரு லீக்கும் தனக்கென்று விதி வைத்திருக்கும். அந்தத் தாளை முதல் நாளே வாங்கிப் படியுங்கள்.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி. கணவரிடம் சொல்லிவிட்டேன், புரிந்துகொண்டார். ஊதத் தொடங்கினால் புதியவர்கள் எங்கே சறுக்குகிறார்கள்? கோச், பெற்றோர் கத்தினால் என்ன செய்வது?

பதில் 4

சறுக்கல் விதியில் வருவது குறைவு. நிற்கும் இடத்திலும் பார்க்கும் இடத்திலும்தான் வருகிறது.

சின்ன ஆட்டங்களுக்கு இரண்டு ரெஃப்ரி. ஒருவர் லீட், கூடைக்குப் பின்னால் எண்ட் லைனுக்கு வெளியே. மற்றவர் டிரெயில், பந்துக்குப் பின்னால் பக்கவாட்டில். பந்து மறு பக்கம் போனதும் டிரெயில் லீட் ஆகிவிடுவார், லீட் டிரெயில் ஆகிவிடுவார். ஆடிப் பழகிய கண் பந்தையே துரத்தும். பந்து டிரெயிலின் பகுதியில் இருக்கும்போது லீட் பார்க்க வேண்டியது கூடைக்குக் கீழே நடக்கும் தள்ளுமுள்ளு. இரண்டு பேரும் பந்தைப் பார்த்தால் முழங்கை இடி யார் கண்ணிலும் படாது, அடுத்த நிமிஷம் சண்டை. ஷாட் போனதும் டிரெயில் பந்தின் பின்னால் கண்ணை அனுப்பக் கூடாது. எறிந்தவர் இரண்டு காலும் தரையில் ஊன்றும்வரை அவர் மேலேயே கண் இருக்கணும்.

லீட் எண்ட் லைனை ஒட்டி நிற்பது இன்னொரு தப்பு. நாலைந்து அடி பின்னால் போங்கள், பத்துப் பேரும் தெரிவார்கள். இரண்டு ஆட்டக்காரர்களின் முதுகு மட்டும் தெரிகிறதென்றால் ஒரு அடி பக்கவாட்டில் நகருங்கள். இருவருக்கும் நடுவே இடைவெளி தெரிந்தால்தான் தொட்டாரா இல்லையா என்று சொல்ல முடியும். தெரியாததை ஊகித்து ஊதாதீர்கள்.

விசிலை ஒரே ஊதல், பலமாக. மெதுவாக ஊதினால் "இவருக்கே சந்தேகம்" என்று கோச் நினைப்பார். ஃபவுல் என்றால் மூடிய கை மேலே, வயலேஷன் (ஃபவுல் அல்லாத விதிமீறல்) என்றால் விரித்த கை மேலே. கையைத் தூக்கி ஒரு நொடி அங்கேயே நில்லுங்கள், ஆட்டக்காரர்கள் அமைதியாகிறார்களா என்று பாருங்கள். ஊதியதும் மேஜைப் பக்கம் ஓடுவது புதியவர்களின் பெரிய வழக்கம், முதுகுக்குப் பின்னால்தான் தகராறு வெடிக்கும். பிறகு மேஜைக்குத் தெரியும் இடத்துக்கு நடந்து போய் நிறம், எண், என்ன ஃபவுல், ஃப்ரீ த்ரோவா, வெளியிலிருந்து பந்தை உள்ளே எறியும் த்ரோ-இன்னா என்று சொல்லுங்கள். எண் 23 என்றால் வலது கையில் இரண்டு விரல், இடது கையில் மூன்று. எதிரே உட்கார்ந்திருப்பவருக்கு அது சரியான வரிசையில் தெரியும்.

நம் உச்சரிப்பு வேகமானது. "ஒயிட்… டுவென்டி த்ரீ… புஷ்" என்று இடைவெளி விட்டுச் சொல்லுங்கள். தலையை நம் வழக்கப்படி பக்கவாட்டில் ஆட்டினால் இங்கே "இல்லை" என்றோ "தெரியாது" என்றோ எடுத்துக்கொள்வார்கள். ஆம் என்றால் மேலும் கீழும் ஆட்டுங்கள், வாயாலும் சொல்லுங்கள்.

கூட்டத்திலிருந்து வரும் கூச்சலில் பாதி விதியிலேயே இல்லாதது. "ஓவர் தி பேக்" என்று ஒரு ஃபவுல் கிடையாது. உயரமானவர் பின்னாலிருந்து எட்டி, முன்னால் நிற்பவரை இடிக்காமல் எடுத்தால் சரிதான், இடம் பெயர்த்தால் புஷ். பந்தைத் தட்டப் போன கை, பந்தின் மேல் இருக்கும் கையில் பட்டால் ஃபவுல் இல்லை. டிஃபெண்டர் அசையாமல் நிற்க வேண்டும் என்பதும் தவறு. முதலில் இரண்டு காலும் தரையில், நெஞ்சு எதிராளியை நோக்கி இருந்து இடம் பிடித்துவிட்டால், பிறகு பின்னாலும் பக்கவாட்டிலும் நகரலாம். எதிராளி தரையை விட்டு எழும்பிய பிறகு அடியில் போய் நின்றால் பிளாக், அதாவது டிஃபெண்டர் மேல் ஃபவுல். மூன்று விநாடி விதி (கூடைக்கு முன்னால் உள்ள கட்டத்தில் அதற்கு மேல் நிற்கக் கூடாது), அணி கோர்ட்டின் முன் பாதியில் பந்தை வைத்திருக்கும்போது மட்டும். ஷாட் பறந்துவிட்டால் கணக்கு நின்றுவிடும், த்ரோ-இன் நேரத்திலும் இல்லை.

எட்டு வயதுப் பிள்ளைகள் ஆட்டத்தில் எல்லா டிராவலிங்கையும் ஊதினால் ஆட்டமே நடக்காது. காலை நகர்த்தியதால் லாபம் கிடைத்ததா என்று பாருங்கள், கிடைக்காவிட்டால் வாயால் சொல்லிக் கொடுங்கள். ஆனால் ஃபவுலில் அந்தத் தளர்வு வேண்டாம், பிள்ளைக்கு அடிபடும்.

பதில் 5

கோச் விஷயம். கேள்விக்குப் பதில் சொல்லுங்கள், கத்தலுக்குப் பதில் வேண்டாம். "அது எப்படி பிளாக்?" என்பது கேள்வி. "எதிராளி எழும்பிய பிறகுதான் உங்கள் டிஃபெண்டர் அடியில் வந்தார், கோச்" என்று ஒரு வரி போதும். "ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி ஊது!" என்பது கேள்வி இல்லை, பதில் தேவையில்லை. ஒரு கட்டத்துக்கு மேல் போனால் முறையான எச்சரிக்கை கொடுத்து ஸ்கோர் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். அதற்கும் அடங்காவிட்டால் டெக்னிகல் (நடத்தைக்கான ஃபவுல்): எதிரணிக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ, பந்தும் அவர்களுக்கு. கோச் அதோடு பெஞ்சில் உட்கார வேண்டும், தன் மேல் இரண்டாவது வந்தால் வெளியே. கொடுக்கும்போது முகத்தில் கோபம் வேண்டாம், டிராவலிங் ஊதுவது போலவே ஊதுங்கள். கெட்ட வார்த்தை பேசினால் எச்சரிக்கைக்குக் காத்திருக்க வேண்டியதில்லை.

பெற்றோரிடம் பேச்சே கிடையாது. எல்லை மீறினால் ஆட்டத்தை நிறுத்தி, அங்கே பொறுப்பில் இருக்கும் பள்ளி ஆளிடமோ லீக் ஆளிடமோ சொல்லுங்கள், வெளியேற்றுவது அவர் வேலை. ஆட்டம் முடிந்ததும் இருவரும் சேர்ந்தே வெளியேறுங்கள். பிள்ளைகளோடு தனி அறையில் இருப்பது, தொட்டுப் பேசுவது, சமூக வலைத்தளத்தில் நட்பு இதெல்லாம் அறவே கூடாது.

ஆட்டத்துக்குக் குறைந்தது 15 நிமிஷம் முன்னால் தரையில் இருக்க வேண்டும். ஸ்கோர் புத்தகத்தில் எண்கள் சட்டையோடு பொருந்துகிறதா என்று பாருங்கள். ஒவ்வொரு டைம் அவுட்டுக்கும் பிறகு, பந்தைக் கையில் கொடுக்குமுன் இரண்டு அணியிலும் ஐந்து பேரா என்று எண்ணுங்கள்.

பதில் 6

வரி பற்றி யாரும் சொல்லவில்லை. டபிள்யூ-9 (உங்கள் வரி எண்ணைத் தரும் படிவம்) எழுதிக் கொடுப்பீர்கள், வரி பிடிக்காமல் முழுப் பணமும் வரும். ஒரே இடத்திலிருந்து 2025 வரை வருஷம் 600 டாலர், 2026 முதல் 2,000 டாலர் எட்டினால் 1099 என்ற வருமானப் படிவம் வரும். படிவம் வராவிட்டாலும் வருமானத்தைக் காட்ட வேண்டும். செலவு போக 400 டாலரோ அதற்கு மேலோ நின்றால் சுயதொழில் வரி 15.3 சதவீதமும் உண்டு. உடுப்பு, பதிவுக் கட்டணம், ஆட்டத்துக்குக் கார் ஓட்டிய மைல் எல்லாவற்றையும் அன்றன்றே எழுதி வையுங்கள். இன்னொன்று, காண்டிராக்டர் என்பதால் அடிபட்டால் கம்பெனி காப்பீடு இல்லை. உங்கள் சங்கக் கட்டணத்தில் காப்பீடு சேர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் நாசோ (தேசிய ரெஃப்ரிகள் சங்கம்) உறுப்பினர் கட்டணத்தில் பொறுப்புக் காப்பீடு சேர்ந்து வருகிறது.

பதில் 7 (ஸ்கார்பரோ)

கனடாவில் இருந்து படிப்பவர்களுக்கு: ஒன்டாரியோ ஹைஸ்கூலில் ஃபிபா விதிதான், பதில் 3இல் உள்ள குழப்பம் இங்கே இல்லை. ஓஏபிஓ என்ற ஒன்டாரியோ ரெஃப்ரிகள் சங்கத்தின் கீழ் இருக்கும் உள்ளூர் போர்டில் சேர வேண்டும். நிரந்தர வசிப்புரிமை (பிஆர்), ஓப்பன் வொர்க் பெர்மிட் என்றால் தடையில்லை. ஒரு முதலாளி பெயர் போட்ட பெர்மிட் என்றால் எச்-1பிக்குச் சொன்னதேதான்.