இரும்புச்சத்து மாத்திரை: தினமுமா, ஒரு நாள் விட்டு ஒரு நாளா?

மலையடிவாரம்:

வணக்கம். தர்மபுரிப் பக்கம் ஒரு துணை சுகாதார நிலையத்தில் எம்.எல்.எச்.பி.யாக (இடைநிலை சுகாதாரப் பணியாளர்) இருக்கிறேன். எம்.எஸ்சி.யில் சமுதாய சுகாதாரம் படித்தவள்.

என்னிடம் வரும் ஒரு கர்ப்பிணிக்கு இது இரண்டாவது பிரசவம், இப்போது 26 வாரம். ஹீமோகுளோபின் 9.2. நெறிமுறைப்படி சிவப்பு மாத்திரை (60 மி.கி. இரும்பு, 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம்) தினம் இரண்டு கொடுத்திருக்கிறோம். அவர் விழுங்குவதோ ஒன்று, அதுவும் ஒரு நாள் விட்டு ஒரு நாள். குமட்டுகிறது, வெளிக்குப் போக முடியவில்லை என்கிறார். பிள்ளை கறுப்பாகப் பிறந்துவிடும் என்று மாமியாருக்கு வேறு பயம்.

போன வாரம் செல்போனை என்னிடம் நீட்டினார். வீடியோவில் ஒரு டாக்டர், ஒரு நாள் விட்டு ஒரு நாள் போட்டால்தான் இரும்பு உடம்பில் சேரும், ஆராய்ச்சியே வந்துவிட்டது என்கிறார். "நான் செய்றதுதான் சரி, பாருங்க சிஸ்டர்" என்று ஒரே சிரிப்பு. தேடிப் பார்த்தேன், 2017-இல் லான்செட் ஹெமட்டாலஜி என்ற மருத்துவ இதழில் வந்த ஆய்வு உண்மைதான். மெடிக்கல் ஆபீசரிடம் கேட்டேன். "கைடுலைன்ல இருக்கிறதைச் செய்யுங்க" என்று முடித்துவிட்டார். நீங்களாக இருந்தால் அந்தப் பெண்ணிடம் என்ன சொல்வீர்கள்?

செம்மண்பாதை:

நான் வி.எச்.என்., கிராம சுகாதார செவிலியர். ஆராய்ச்சி எல்லாம் அப்புறம் சிஸ்டர். முதலில் அவர் மாத்திரையை எதோடு விழுங்குகிறார் என்று கேளுங்கள். எங்கள் ஊரில் பாதிப் பேர் காலைக் காபியோடுதான் போடுகிறார்கள். இன்னும் சிலர் கால்சியம் மாத்திரையையும் இதையும் ஒரே வாயில் போட்டு வேலையை முடித்துவிடுவார்கள். காபியும் கால்சியமும் இரும்பைச் சரியாக உறிஞ்ச விடாது.

பழைய டியூட்டர்:

நல்ல கேள்வி. நர்சிங் கல்லூரியில் ஜர்னல் கிளப் (ஆய்வுக் கட்டுரைகளைக் கூடிப் படித்து அலசும் வகுப்பு) நடத்தியவள் என்பதால் கொஞ்சம் நீட்டித்தான் சொல்வேன், பொறுத்துக்கொள்ளம்மா.

அந்த ஆய்வின் சுருக்கத்தோடு நிறுத்தாமல் முழுதாகப் படி. சூரிச்சில் 40 இளம்பெண்களை வைத்துச் செய்தது. உடம்பில் இரும்பு இருப்பு குறைவாக இருந்தவர்கள். ஒருவர்கூடக் கர்ப்பிணி இல்லை. ஒரு குழுவுக்கு 60 மி.கி. தினமும், 14 நாள். இன்னொரு குழுவுக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள், 28 நாள். ஆக இரண்டு குழுவுக்கும் அதே 14 வேளை மருந்துதான். தினமும் சாப்பிட்டவர்கள் அதில் 16.3 சதவீதத்தை உறிஞ்சினார்கள், விட்டு விட்டுச் சாப்பிட்டவர்கள் 21.8 சதவீதம். ஒரு வேளை இரும்பு உள்ளே போனதும் கல்லீரல் ஹெப்சிடின் என்ற ஹார்மோனை ஏற்றிவிடுகிறது. அது குடலில் கதவை மூடுவதால் மறுநாள் மாத்திரையில் கொஞ்சம் வீணாகிறது. இதுவரை வீடியோ டாக்டர் சொன்னது சரிதான்.

ஆனால் மொத்தக் கணக்கைப் பார். தினமும் சாப்பிட்டவர்கள் 14 நாளில் சுமார் 131 மி.கி. சேர்த்துவிட்டார்கள். மற்றவர்கள் 175 மி.கி. சேர்த்தார்கள், அதற்கு 28 நாள் ஆனது. மாத்திரைக்கு மாத்திரை பார்த்தால் விட்டு விட்டுப் போடுவது லாபம், நாளுக்கு நாள் பார்த்தால் நஷ்டம். உன் ஆளுக்குப் பிரசவத்துக்கு இன்னும் 14 வாரம்தான். அரசு இலவசமாகத் தரும் மாத்திரையை மிச்சம் பிடித்து அவர் என்ன செய்யப்போகிறார்? நாள்தான் கையில் இல்லை. தவிர, கர்ப்பத்தின் பின்பாதியில் ஹெப்சிடின் தானாகவே இறங்கிவிடும். சூரிச் பெண்களின் குடலை வைத்து இவர் குடலைக் கணிக்க முடியாது.

உலக சுகாதார நிறுவனமும் கர்ப்பிணிகளுக்குத் தினமும் என்றுதான் சொல்கிறது. பக்கவிளைவால் முடியாதவர்களுக்கு வாரம் ஒருமுறை 120 மி.கி. என்று ஒரு மாற்று உண்டு. ஆனால் அது கர்ப்பிணிகளில் ரத்தசோகை 20 சதவீதத்துக்குக் கீழே உள்ள இடங்களுக்கு. நம் நாட்டில் என்.எஃப்.எச்.எஸ்.-5 (தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பு) கணக்குப்படி 52.2 சதவீதம். இவருக்கு ஏற்கெனவே ரத்தசோகை வந்தும் விட்டது.

டாக்டர் சொன்ன முடிவு சரி, சொன்ன விதம்தான் எனக்குப் பிடிக்கவில்லை. காரணம் தெரியாமல் அந்தப் பெண்ணிடம் போய் நீ என்ன பேசுவாய்?

இரண்டு மாத்திரையையும் சேர்த்துப் போடச் சொல்லாதே. ஒன்று காலையில், ஒன்று ராத்திரி. பிரித்துப் போட்டால் கூடுதலாக உறிஞ்சும் என்று இல்லை, வயிறு தாங்கும், அவ்வளவுதான். வெறும் வயிற்றில் குமட்டினால் சாப்பிட்ட பிறகு போடட்டும். உறிஞ்சுவது கொஞ்சம் குறையும்தான், ஆனால் டப்பாவில் கிடக்கும் மாத்திரையில் எதுவுமே உறிஞ்சப்படாது. மலம் கறுப்பாகப் போகும் என்று முன்கூட்டியே சொல்லிவிடு. அந்தக் கறுப்பு பிள்ளைக்குப் போகாது என்பதை மாமியாரையும் உட்காரவைத்துச் சொல். புழுமாத்திரை கொடுத்தாயா என்று அட்டையைப் பார். ஒரு மாதம் ஒழுங்காகச் சாப்பிட்டும் எச்.பி. (ஹீமோகுளோபின்) ஒரு கிராமாவது ஏறவில்லை என்றால் காத்திருக்காதே, மேலே அனுப்பு. அங்கே தலசீமியா என்ற பரம்பரை ரத்தக் கோளாற்றின் கேரியரா என்றும் பார்ப்பார்கள், தேவைப்பட்டால் அயர்ன் சுக்ரோஸ் என்ற இரும்பு மருந்தை நரம்பு வழியாக ஏற்றுவார்கள்.

லீட்ஸ்காரன்:

இங்கிலாந்தில் ஒரு ஜி.பி. (குடும்ப மருத்துவர்) கிளினிக்கில் அட்வான்ஸ்டு நர்ஸ் பிராக்டிஷனராக இருக்கிறேன். மேடம் சொன்னதில் ஒரே ஒரு சேர்க்கை. இங்கே கர்ப்பிணிகளுக்கான வழிகாட்டியில் தினம் ஒரு வேளை, 40 முதல் 80 மி.கி. வரை போதும் என்றிருக்கிறது. அதனால் இவர் தினம் ஒன்றை ஒழுங்காகப் போட்டாலே அதை ஒன்றுமில்லை என்று தள்ளிவிடாதீர்கள் சிஸ்டர். கர்ப்பம் இல்லாத பெரியவர்களுக்கு, தினமும் தாங்காவிட்டால் ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்று 2021 வழிகாட்டி அனுமதிக்கிறது. அந்த வீடியோ டாக்டர் அவர்களை மனதில் வைத்துப் பேசியிருக்கலாம்.

இன்னொன்று. தனிப் பயிற்சி முடித்திருப்பதால் நானே டோஸை மாற்றி எழுத முடியும். உங்களுக்கு அங்கே அந்த அதிகாரம் இல்லை. அதனால் ஒன்றாகக் குறைப்பது என்றாலும் மெடிக்கல் ஆபீசர் கையால் அட்டையில் எழுதி வாங்கிவிடுங்கள். நாளைக்குப் பேச்சு வந்தால் நீங்கள்தான் மாட்டுவீர்கள்.

மலையடிவாரம்:

எல்லோருக்கும் நன்றி. செம்மண்பாதை அக்கா, நீங்கள் சொன்னது அப்படியே. காலையில் காபி, உடனே சிவப்பு மாத்திரை, அது முடிந்ததும் கால்சியம்! காபியை விட மாட்டாராம், அதனால் சிவப்பு மாத்திரையை ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு தள்ளிவிட்டோம், கால்சியம் காலையில். முதல் வாரம் ஒன்று, தாங்கினால் மதியத்துக்கு இன்னொன்று. டாக்டரிடம் அந்த 14 நாள், 28 நாள் கணக்கைக் காட்டினேன். படித்துப் பார்த்துவிட்டு அட்டையில் எழுதிக் கொடுத்தார், ஒரு மாதத்தில் எச்.பி. பார்க்கவும் சொன்னார்.

டியூட்டர் மேடம், இன்னொரு சந்தேகம். முதல் முறை எச்.பி. பார்த்தது இங்கே விரல் குத்தி, டிஜிட்டல் மீட்டரில். அடுத்ததை பி.எச்.சி. (ஆரம்ப சுகாதார நிலையம்) லேபில் ரத்தம் எடுத்துப் பார்த்தால் இரண்டையும் ஒப்பிடலாமா, இல்லை மறுபடியும் அதே மீட்டரிலேயே பார்க்கட்டுமா?

பழைய டியூட்டர்:

ஏறியதா என்று பார்க்க அதே மீட்டர். விரலைப் பிதுக்காமல், முதல் சொட்டைத் துடைத்துவிட்டு எடு. ஏறவில்லை என்றால் அன்றைக்கே லேபுக்கும் அனுப்பிவிடு.