பொருளியல் மேற்படிப்பு: வழி சொல்லுங்க

அண்ணா, அக்கா எல்லாருக்கும் வணக்கம். எங்க ஊரு கோத்தகிரி பக்கம். பி.ஏ. பொருளியல் கடைசி வருஷம் படிக்கிறேன். எம்.ஏ.வுல பொருளியலோட சமூகக் கொள்கையும் சேர்த்துப் படிக்கணும்.

காரணம் எங்க வீட்டுலயே இருக்கு. 1951-ல வந்த தோட்டத் தொழிலாளர் சட்டம் எஸ்டேட் ஆளுங்களுக்கு வீடு, மருத்துவம், பிள்ளைக் காப்பகம்னு எழுதி வச்சது. எங்க அரை ஏக்கர்ல அதே தேயிலையைக் கிள்ளுற எங்கம்மாவுக்கு அதுல ஒண்ணும் கிடையாது. குன்னூர் தேயிலை ஏலத்துல விலை இறங்கினா எங்க பச்சை இலைக்கும் இறங்கிடும், அவ்வளவுதான். 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துல இலங்கையில இருந்து வந்த குடும்பங்களுக்கு வேலை கொடுக்கத் தொடங்கின டான்டீயை (தமிழ்நாடு அரசோட தேயிலை நிறுவனம்) பத்தியும் ஆய்வு பண்ண ஆசை.

மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கு க்யூட் பி.ஜி. நுழைவுத் தேர்வு எழுதணும்னு தெரியும். கொள்கைப் படிப்புக்கு எகனாமெட்ரிக்ஸ் (பொருளாதாரத் தரவைப் புள்ளியியல் வச்சு ஆராயுற பாடம்) எவ்வளவு தேவைப்படும்? புள்ளியியல் வரைக்கும் சமாளிச்சிடுவேன், மேட்ரிக்ஸ் வந்தா தடுமாற்றம்தான். தமிழ் மீடியத்துல இருந்து போனவங்க முதல் செமஸ்டரை எப்படி ஓட்டினீங்க? ஹாஸ்டல் செலவுக்கு எந்த உதவித்தொகை உண்மையிலேயே கைக்கு வந்துச்சு?

ஆன்லைன் கோச்சிங் சொல்லாதீங்க, மழை பிடிச்சா இங்க சிக்னலே இருக்காது. பழைய புத்தகம், நோட்ஸ் இருந்தா ஊட்டி பஸ் ஸ்டாண்டுக்கே வந்து வாங்கிக்கிறேன்.