கருவும் காதலும் விதியும்: ஒரே கதையைத்தான் மீண்டும் மீண்டும் பார்க்கிறோமா?

அனைவருக்கும் வணக்கம். காதல், குழந்தைப்பேறு, விதி ஆகிய மூன்றையும் பிணைக்கும் திரைக்கதைகளை ஒப்பிட்டு ஒரு கட்டுரை எழுதி வருகிறேன். அதற்கு உங்கள் உதவி தேவைப்படுகிறது.

2002-இல் வெளிவந்த வெனிசுவேலாத் தொடரான 'ஹுவானா லா விர்ஹென்', அதைத் தழுவி 2014-இல் அமெரிக்காவில் தொடங்கிய 'ஜேன் தி வர்ஜின்' ஆகிய இரண்டிலும், மருத்துவமனையில் நேரும் ஒரு தவறால் கன்னிப்பெண் செயற்கைக் கருவூட்டல் வழியே கருவுறுகிறாள். தழுவல் என்பதால் இந்த ஒற்றுமையில் வியப்பில்லை. ஆனால், 2010-இல் தனித்தனியே வெளிவந்த 'தி பேக்கப் பிளான்', 'தி ஸ்விட்ச்' ஆகிய படங்களிலும் கருவூட்டல் முதலில் நிகழ, காதல் பின்னால் வந்து சேர்கிறது. முன்னதில், நாயகி சிகிச்சை முடித்து வெளியேறிய அன்றே தன் காதலனைச் சந்திக்கிறாள். பின்னதில், நண்பன் ரகசியமாக விந்தணுவை மாற்றிவைக்கிறான். மனிதன் செய்த பிழையையோ ஏமாற்றையோ (இரண்டாவதை மன்னிக்க என்னால் இயலவில்லை) விதியின் செயலாகக் காட்டிவிடும் இந்த உத்திதான் என்னை உறுத்துகிறது.

இந்தியில், 2001-இல் வந்த 'சோரி சோரி சுப்கே சுப்கே', மறு ஆண்டு வந்த 'ஃபில்ஹால்' இரண்டும் வாடகைத் தாயை மையமாகக் கொண்டவை என்றாலும், அங்கே விதியின் வேலை வாடகைத் தாய் கருவுறும் முன்பே, மனைவியால் கருத்தரிக்க இயலாத நிலையிலேயே, தொடங்கிவிடுகிறது.

இவற்றுக்கு முந்தைய படைப்புகள் எவையேனும் உங்களுக்குத் தெரியுமா? குறிப்பாக, குறை கணவனிடம் இருப்பதாக வெளிப்படையாகச் சொல்லும் காதல் கதைகளையும், குழந்தை பிறக்காமலேயே நிறைவுறும் கதைகளையும் தேடுகிறேன். பெயர், ஆண்டு, மொழி ஆகியவற்றுடன் தெரிவித்தால் நன்றியுடையவனாக இருப்பேன்.