1889 சண்டை: 75 சுற்று, 136 நிமிடம். எது பிழை?

கொழுந்துமலை (ஹட்டன்):
பாடசாலைக் குத்துச்சண்டை அறைச் சுவருக்கு ஒரு வரலாற்றுத் தாள் தயாராகுது. 1889 ஜூலை 8, அமெரிக்காவின் மிசிசிப்பியில் சல்லிவன், கில்ரெயின் என்ற இரண்டு குத்துச்சண்டை வீரர்கள் 75 சுற்று மோதினாங்களாம். சுற்றுக்கு 3 நிமிடம் என்றால் 225 நிமிடம் வரணும். ஆனா 2 மணி 16 நிமிடம்தான் நடந்ததாம். எதைப் போடுறது?

பழையமணி:
இரண்டையும் போடுங்க சேர். பிழை அந்த 3 நிமிடத்தில்தான். அது கையுறை போட்டு மோதுவதற்கான 1867 குயின்ஸ்பெரி விதி. இவங்க வெறுங்கையோட மோதியது லண்டன் பிரைஸ் ரிங் விதிப்படி (1838, திருத்தம் 1853). அதில் சுற்றை முடிப்பது கடிகாரம் இல்லை, ஒருத்தர் விழுவது. குத்துப்பட்டு விழுந்தாலும் சரி, எதிராளி பிடித்துக் கவிழ்த்தாலும் சரி. பிறகு 30 செக்கன் ஓய்வு. அது முடிந்து 8 செக்கனுக்குள் யாரும் தாங்காமல் நடுக்கோட்டுக்கு வரணும், இல்லாட்டி தோல்வி.

கணக்குப் பாருங்க: 75 சுற்றுக்கு இடையில் 74 ஓய்வு, அதாவது 37 நிமிடம். 136இல் அது போனால் 99. சுற்றுக்குச் சராசரி சுமார் 79 செக்கன். கோட்டுக்கு நடந்த நேரத்தைக் கழித்தால் இன்னும் குறையும். அடி விழாமலே மூச்சு வாங்க விழுவதும் உண்டு. விதி தடுத்தாலும் நடுவர் நிரூபிக்கிறது கஷ்டம். கடைசியில் கில்ரெயின் பக்கத்தார் தோல்வியை ஒப்புக்கொண்டு ஸ்பொஞ்சை உள்ளே எறிந்தார்கள்.

மூலைக்கம்பு:
75க்குப் பக்கத்தில் "விழுந்தால் முடியும் சுற்று" என்று எழுதிடுங்க, பிள்ளைகள் அதையேதான் கேட்பாங்க. குயின்ஸ்பெரி பிரபு விதி எழுதினார் என்று மட்டும் போடாதீங்க. எழுதியவர் ஜோன் கிரஹாம் சேம்பர்ஸ், பிரபு கொடுத்தது பெயரை. கையுறை தலையைக் காப்பாற்ற வந்தது என்பதையும் நான் ஏற்கமாட்டேன். வெறுங்கை மண்டையில் பட்டால் உடைவது கை எலும்பு, அதனால் தலைக்கு அளந்துதான் குத்துவாங்க. கையுறை போட்டதும் அந்தப் பயம் போச்சு.

கொழுந்துமலை:
நன்றி. பழைய ரிங்கை மைதானத்தில் அடையாளம் பண்ணிக் காட்ட முடியுமா?

மூலைக்கம்பு:
முடியும். புல்தரை, பக்கம் 24 அடி, 8 கம்பு, இரண்டு கயிறு: மேலது 4 அடி, கீழது 2 அடி உயரம். நடுவில் ஒரு கோடு. மூலைவிட்டம் இரண்டும் 33 அடி 11 அங்குலம் வந்தால் சதுரம் சரி. மேடுபள்ளத்தில் நாடாவைத் தரையோடு விடாதீங்க, மட்டமாகப் பிடிங்க. சுண்ணாம்பு நம்ம தூறலுக்கு நிக்காது, நடுக்கோட்டுக்கும் கயிறே அடிச்சிடுங்க.

பழையமணி:
தாளின் அடியில் பார்னி ஹென்ரிகஸ் பெயரையும் சேருங்க. 1938 சிட்னி எம்பயர் விளையாட்டு (இன்றைய பொதுநலவாய விளையாட்டு), இறகு எடை, இலங்கைக்குத் தங்கம்.