படகு சீட்டுக்கு எந்த ஃபோம் போடலாம்? பழசு தண்ணீர் குடித்து ஊறிப்போய்க் கிடக்கிறது

படகுக்காரன் (புதுச்சேரி):

சுற்றுலா வருகிறவர்களை ஏற்றிப்போகும் ஃபைபர் படகு ஒன்று மாமாவும் நானும் வைத்திருக்கிறோம். இரண்டு பக்கமும் பெஞ்ச், முன்னால் மூக்கில் ஒரு சின்ன சீட், ஓட்டுகிறவருக்குக் கூரைக்குக் கீழே ஒரு சீட். பெஞ்ச் குஷன் ஒவ்வொன்றும் 4 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், 4 இஞ்ச் கனம். உள்ளே இருப்பது சோபாவுக்குப் போடுகிற சாதாரண ஃபோம், அடியில் பிளைவுட், மேலே ரெக்சின். இந்த மழைக்காலம் முடிந்து கழற்றலாம் என்று தூக்கினால் ஒரு ஆளால் முடியவில்லை. வெயிலில் போட்டால் ரெக்சின் மட்டும் காய்கிறது, ஆள் உட்கார்ந்ததும் தையல் வழியாகத் தண்ணீர் கசிந்து பேண்ட் நனைகிறது. வாடை வேறு.

கடையில் கேட்டால் "40 டென்சிட்டி போடுங்க, தண்ணி இறங்காது" என்கிறார். இன்னொருவர் ஈவிஏ ஷீட் போடு என்கிறார். மாமாவோ பழையபடி அதே ஃபோமைப் பாலிதீனில் சுற்றித் தைத்தால் போதும் என்கிறார். ரெக்சின் எப்படியும் புதிதுதான் போடப் போகிறோம். கையில் பெரிய பணம் இல்லை. எது சரி?

கல்ஃப் தையல்:

தம்பி, நான் துபாயில் படகு சீட் தைக்கிற வேலையில்தான் இருக்கிறேன். முதலில் அந்த டென்சிட்டி கதையை விடுங்கள். 32, 40 என்று சொல்வதெல்லாம் ஒரு கன மீட்டர் ஃபோம் எத்தனை கிலோ எடை என்கிற கணக்கு, அவ்வளவுதான். கூடினால் ஃபோம் நாள்பட உழைக்கும், சீக்கிரம் அமுங்கிப்போகாது. தண்ணீருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, 32-உம் குடிக்கும் 40-உம் குடிக்கும். உட்கார்ந்தால் கெட்டியாக இருக்குமா மெத்தென்று இருக்குமா என்பது அதிலும் வேறு விஷயம், 40-லேயே இரண்டு விதமும் கிடைக்கும்.

உங்கள் பெஞ்ச் குஷன் ஒன்று 2 கன அடி, அதாவது 56 லிட்டருக்குக் கொஞ்சம் மேல். காய்ந்த ஃபோம் 2 கிலோ சொச்சம்தான் இருக்கும், அதில் பாதி இடத்தைத் தண்ணீர் பிடித்தாலே 28 கிலோ ஏறிவிடும். தூக்க முடியாததில் ஆச்சரியமே இல்லை.

நீங்கள் கேட்க வேண்டியது தண்ணீர் உள்ளே வருமா என்பதல்ல. வரும். ஊசி போன ஓட்டை ஒவ்வொன்றும் வழிதான். வந்த தண்ணீர் எந்தப் பக்கமாக வெளியே போகும், அதைப் பாருங்கள். அதற்கென்றே ரெட்டிகுலேட்டட் ஃபோம் என்று ஒன்று இருக்கிறது, சில கடைகளில் குயிக் டிரை ஃபோம் என்பார்கள். மீன்தொட்டி ஃபில்டரில் ஓட்டை ஓட்டையாகக் கறுப்பு ஸ்பான்ஜ் இருக்குமே, அந்த இனம். சாதாரண ஃபோமில் ஒவ்வொரு குமிழுக்கும் நடுவில் மெல்லிய சவ்வு இருக்கும், தொழிற்சாலையிலேயே அந்தச் சவ்வை எரித்தோ கரைத்தோ எடுத்துவிட்டால் வெறும் எலும்புக்கூடுதான் மிச்சம். மேலே ஊற்றினால் அடியில் ஒழுகிவிடும். ஆனால் வாங்கும்போது பாலிஈதரா என்று கேட்டு வாங்குங்கள். ஃபில்டருக்கு வருவதில் நிறைய பாலியெஸ்டர் வகை, அது ஈரமும் சூடும் சேர்ந்த இடத்தில் நாளடைவில் உதிர்ந்து பொடியாகும்.

இன்னொன்று, இந்த ஃபோமை வாங்கிவிட்டு அடியில் முழுப் பிளைவுட்டும் ரெக்சினும் அடித்து மூடினால் காசு கடலில்தான். அடிப்பக்கம் மெஷ் துணி வேண்டும்.

குஷன் கடை (சென்னை):

மேலே அண்ணன் சொன்னது சரிதான், ஆனால் எல்லா சீட்டுக்கும் அது தேவையில்லை. விலை சாதாரண ஃபோமை விடப் பல மடங்கு, எல்லா ஊரிலும் கடையில் இருக்காது, ஆர்டர் கொடுத்துத்தான் வரவழைக்க வேண்டியிருக்கும். கூரைக்குக் கீழே இருக்கிற ஓட்டுநர் சீட்டுக்கு 40 டென்சிட்டி எச்ஆர் ஃபோமே (அமுக்கினால் சட்டென்று எழும்புகிற வகை) தாராளம். அவர் நாள் முழுக்க உட்கார்கிறவர், அலை அடிக்கும்போது இடுப்பு பலகையில் இடிக்கக் கூடாது, அங்கே 4 இஞ்சுக்குக் குறைக்க வேண்டாம். மழையிலும் தெறிப்பிலும் நனைகிற பெஞ்சுக்கும் மூக்கு சீட்டுக்கும் மட்டும் அந்த விலை உயர்ந்ததைப் போடுங்கள்.

ரீபாண்டட் மட்டும் வேண்டவே வேண்டாம். துண்டு துண்டாக நிறம் நிறமாக ஒட்டின ஃபோம், "80 டென்சிட்டி சார், கல்லு" என்று தலையில் கட்டப் பார்ப்பார்கள். வீட்டு மெத்தைக்கு நல்லது. படகில் தண்ணீர் பிடித்தால் காயவே காயாது.

40 என்று சொல்லி 28-ஐக் கொடுக்கிறவர்களும் உண்டு (எங்கள் தொழிலைப் பற்றி நானே சொல்கிறேன்). வெட்டின துண்டைத் தராசில் வைக்கச் சொல்லுங்கள். உங்கள் அளவுக்கு 40 என்றால் இரண்டேகால் கிலோ இருக்க வேண்டும், ஒன்றரை கிலோதான் நின்றால் பேசாமல் திரும்பிவிடுங்கள். அப்புறம் வெட்டும்போது உறையை விட அரை இஞ்ச் கூடுதலாக வெட்டச் சொல்லுங்கள். ஃபோம் கொஞ்சம் நெருக்கித் திணித்தால்தான் ரெக்சின் சுருக்கம் விழாமல் நிற்கும், சுருக்கத்தில்தான் தண்ணீர் தேங்கும்.

ஆலப்புழைவாசி:

இங்கே சில படகில் ரப்பர் கலந்த தேங்காய்நார் மெத்தையை வெட்டிப் போடுகிறார்கள், தண்ணீர் நிற்காமல் இறங்கிவிடும், விலையும் குறைவு. ஆனால் போகப் போக ரப்பர் உதிர்ந்து நார் தூளாகக் கொட்டும், உட்காரவும் சுகமில்லை. ஒரு சீசன் ஓட்டினால் போதும் என்றால் பாருங்கள்.

படகுக்காரன்:

எல்லோருக்கும் நன்றி. கடைக்காரர் அண்ணே, சீட்டுக்கு சீட் மாற்றிப் போடுவது எனக்குத் தோன்றவே இல்லை. இரண்டு சந்தேகம். பாலிதீன் சுற்றுவதைப் பற்றி யாரும் சொல்லவில்லை, மாமா விடமாட்டேன் என்கிறார். ஈவிஏ போட்டால் தண்ணீரே குடிக்காது என்கிறார்களே, அது எதனால் வேண்டாம்? மிதக்கும் என்பதால் லைஃப் ஜாக்கெட்டுக்கும் துணையாக இருக்குமே.

கல்ஃப் தையல்:

பாலிதீன்: ஸ்டேப்பிள் அடிக்கும்போதே அது கிழிகிறது. அந்த ஓட்டையில் போன தண்ணீர் திரும்பி வர வழி இல்லை, வெயிலில் உள்ளேயே ஆவியாகி உள்ளேயே குளிர்ந்து ஃபோமிலேயே இறங்கும். உங்கள் வாடைக்குக் காரணமான பூஞ்சைக்கு இதைவிட வசதியான வீடு கிடைக்காது. மாமாவிடம் பழைய குஷன் ஒன்றைக் கிழித்துக் காட்டுங்கள், ரெக்சினே பாலிதீன் வேலையைத்தானே பார்த்திருக்கிறது.

ஈவிஏ, எக்ஸ்எல்பிஇ இரண்டும் மூடின குமிழ் ஃபோம், தண்ணீர் குடிக்காதது உண்மை. ஆனால் 4 இஞ்சும் அதுவே என்றால் பலகையில் உட்கார்ந்த மாதிரி இருக்கும், அரை மணி நேரப் பயணத்துக்கே ஆட்கள் நெளிவார்கள். மூக்கு சீட்டில் யாரும் அதிக நேரம் உட்காராவிட்டால் அங்கே 2 இஞ்ச் போடலாம், தப்பில்லை. பேக்கிங்குக்கு வருகிற வெள்ளை இபிஇ ஷீட்டை அதற்குப் பதிலாகத் தருவார்கள், வாங்காதீர்கள், சீக்கிரம் நசுங்கி அப்படியே நின்றுவிடும். சிலர் அடியில் 1 இஞ்ச் எக்ஸ்எல்பிஇ, மேலே 3 இஞ்ச் குயிக் டிரை என்று வைப்பார்கள், அப்படி வைத்தால் அடி ஷீட்டில் ஓட்டை குத்தியாக வேண்டும், இல்லையென்றால் மேலிருந்து இறங்குகிற தண்ணீர் அங்கேயே நிற்கும்.

லைஃப் ஜாக்கெட் கணக்கில் குஷனைச் சேர்க்கவே சேர்க்காதீர்கள். மிதக்கிறது என்பதும், தண்ணீரில் விழுந்து பயந்துபோன மனிதனின் முகத்தை மேலே தூக்கி வைப்பதும் ஒன்றல்ல. ஆளுக்கு ஒரு ஜாக்கெட், அதில் பேச்சே கிடையாது.

பிளைவுட்டை எப்படியும் கழற்றுவீர்கள். மரைன் பிளை என்றால் ஐஎஸ் 710 (மரைன் பிளைக்கான இந்தியத் தர எண்) முத்திரை பார்த்து வாங்குங்கள், 12 மில்லி டிரில்லில் அரை அடிக்கு ஒன்றாக ஓட்டை போட்டு, வெட்டின ஓரத்துக்கும் ஓட்டைக்கும் எபாக்ஸி பூசுங்கள். அடியில் இரண்டு ரப்பர் பட்டை ஒட்டினால் ஃபைபரோடு ஒட்டி ஓட்டை அடைபடாது. ஸ்டேப்பிள் ஸ்டெயின்லெஸ்தான், இரும்பு போட்டால் உப்புக்காற்றுக்குத் துருப்பிடித்து ரெக்சினில் கறை இறங்கும். நூல் வெயிலுக்கான பாலியெஸ்டர், காட்டன் மக்கும், நைலான் வெயிலில் சீக்கிரம் செத்துப்போகும். உட்காருகிற மேல்பக்கத்தில் தையல் வராமல் பக்கவாட்டில் வரும்படி வெட்டச் சொல்லுங்கள்.

குஷன் கடை (சென்னை):

இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள் தம்பி, கடல் தண்ணீர் பட்டால் நல்ல தண்ணீரை ஊற்றிக் கழுவிவிட்டுப் பக்கவாட்டில் நிறுத்தி வையுங்கள். உள்ளே தங்கின உப்பு காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும், காய்ந்த குஷன் ராத்திரியில் மறுபடி பிசுபிசுப்பது அதனால்தான். பிளீச் போட்டுத் தேய்க்காதீர்கள், ரெக்சின் பளிச்சென்று ஆகும், தையல் விட்டுப்போகும்.

படகுக்காரன்:

சரி அண்ணே. ஓட்டுநர் சீட்டுக்கு எச்ஆர் 40, பெஞ்சுக்கு குயிக் டிரையும் மெஷ்ஷும், மூக்குக்கு 2 இஞ்ச் எக்ஸ்எல்பிஇ. பெஞ்ச் இரண்டுக்கும் ஒரே நேரத்தில் காசு புரளாது, தெறிப்பு அதிகம் விழுகிற பக்கத்தை முதலில் மாற்றுகிறேன்.

கல்ஃப் தையல்:

அப்படியே செய்யுங்கள். இன்னொரு பெஞ்சுக்கு இப்போதைக்குப் பலகையில் ஓட்டை மட்டும் போட்டு, அடி ரெக்சினை உரித்துவிட்டு மெஷ் அடியுங்கள். பழைய ஃபோமாக இருந்தாலும் பாதித் தண்ணீர் இறங்கிவிடும்.