எல்சாட் படிப்பில் கண்டிஷனல் கேள்விகளோடு மல்லுக்கட்டிய அனுபவம்

அமெரிக்கா, கனடா சட்டக் கல்லூரிகளில் சேர எழுதும் எல்சாட் (LSAT) தேர்வுக்குப் படிக்கிறவர்கள் பலர் மற்ற கேள்விகளில் தேறிவிடுகிறார்கள், ஆனால் கண்டிஷனல், அதாவது ‘இது என்றால் அது’ என்று நிபந்தனை வைக்கும் வாக்கியங்களில், ‘இஃப்’, ‘அன்லெஸ்’, ‘ஒன்லி இஃப்’ மூன்றும் ஒரே பத்தியில் வந்துவிட்டால் அப்படியே நின்றுவிடுகிறார்கள். நானும் அந்த இடத்தில் மாதக்கணக்கில் நின்றவள். பத்தியில் ஒவ்வொரு வார்த்தையும் புரியும், யாராவது கேட்டால் என் சொல்லில் திருப்பிச் சொல்லவும் முடியும், ஆனால் கீழே ஐந்து விடைகளுக்கு இறங்கியதும் பி-யும் டி-யும் ஒன்றையே சொல்வது போலத் தெரியும். உண்மையில் ஒன்று மற்றதைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டிருக்கும். அந்தத் திருப்பலைக் கண் பிடிக்காத வரைக்கும் எவ்வளவு பயிற்சித் தாள் போட்டாலும் மதிப்பெண் நகராது. அதைக் கண்ணுக்குப் பழக்கியது எது என்று எழுதினால் இதே இடத்தில் நிற்கிற யாருக்காவது உதவும் என்றுதான் எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயம். 2024 ஆகஸ்ட்டில் லாஜிக் கேம்ஸ் பகுதியை, அதாவது விதிகளைக் கொடுத்து வரிசைப்படுத்தவோ பிரிக்கவோ சொல்லும் புதிர்களை, தேர்விலிருந்து எடுத்துவிட்டார்கள். படம் வரைந்து போட வேண்டிய கேள்விகள் பார்வையற்ற தேர்வர்களுக்கு நியாயமில்லை என்று தொடுத்த வழக்கு 2019-ல் சமரசத்தில் முடிந்தது, அதன் தொடர்ச்சியாக வந்த மாற்றம் இது, வர வேண்டிய மாற்றமும்தான். ஆனால் கேம்ஸோடு கண்டிஷனலும் போய்விட்டது என்று சிலர் நினைக்கிறார்கள். போகவில்லை. இப்போது மதிப்பெண்ணில் சேரும் மூன்று பகுதிகளில் இரண்டு லாஜிக்கல் ரீசனிங், சின்னப் பத்தியைப் படித்து அதன் வாதத்தை ஆராய்கிற கேள்விகள். ஒவ்வொன்றும் 35 நிமிடம், ஏறக்குறைய 25 கேள்வி, ஒரு கேள்விக்கு முழுசாக ஒன்றரை நிமிடம்கூடக் கிடையாது. கேம்ஸில் விதிகள் தனித்தனி வரியாக நிற்கும், இது விதி என்று தெரிந்தே படிப்போம். ரீசனிங்கில் அதே விதி ஒரு நகர மன்றத்தைப் பற்றியோ ஏதோ ஒரு பறவை இனத்தைப் பற்றியோ பேசும் பத்திக்குள் சாதாரண வாக்கியம் போல உட்கார்ந்திருக்கும். என்னைக் கேட்டால் கேம்ஸைவிட இதுதான் கஷ்டம்.

நான் போன பயிற்சி வகுப்பில் ஆரம்பத்திலேயே ஒரு வார்த்தைப் பட்டியல் கொடுத்தார்கள். இஃப், வென், ஆல், எவ்ரி வந்தால் அதை ஒட்டி வருவது சஃபிஷியன்ட், அது இருந்தாலே போதும் என்கிற பக்கம், அம்புக்குறி போடும்போது இடப்பக்கம் நிற்கும். ஒன்லி இஃப், மஸ்ட், ரிக்வயர்ஸ் வந்தால் நெசசரி, அது இல்லாமல் முடியாது என்கிற பக்கம், வலப்பக்கம் நிற்கும். அன்லெஸ், வித்தவுட் வந்தால் ஒரு பக்கத்தை மறுத்து அம்புக்குறிக்கு இடப்பக்கம் போடு. பட்டியலில் தப்பே கிடையாது, மனப்பாடமும் ஆகிவிட்டது. சிக்கல் என்னவென்றால் அம்புக்குறியைப் போட்டு முடித்ததும் அது சரியான திசையில்தான் நிற்கிறதா என்று சோதித்துப் பார்க்கக் கையில் எதுவும் இல்லை. பட்டியலை நம்ப வேண்டும், அவ்வளவுதான். ‘ஒன்லி இஃப்’-புக்கு ஒரு திசை, ‘த ஒன்லி’ என்று வந்தால் வேறு திசை, கடிகாரம் ஓடும்போது இரண்டும் ஒன்றோடொன்று கலந்துவிடும்.

என்னோடு சேர்ந்து படித்த தோழி ஒருத்தி, முன்பு தணிக்கை வேலையில் இருந்தவள், அன்லெஸ் வாக்கியத்தை அம்புக்குறியே போடாமல் சட்டென்று முடித்துவிடுவாள். எப்படி என்று கேட்டேன். “விதி என்ன சொல்லுதுன்னு நான் பார்க்கிறதே இல்லடி, அதை மீறினவன் எப்படி இருப்பான்னு பார்ப்பேன்” என்றாள். அவள் வேலையிலிருந்தே எடுத்துக் காட்டினாள். குறிப்பிட்ட தொகைக்கு மேல் செலவு என்றால் மேலாளர் கையெழுத்து வேண்டும், இது விதி. கட்டுக்கட்டாக வவுச்சர் வருகிறது, எதை எடுத்துப் பார்ப்பாய்? பெரிய தொகை போட்ட வவுச்சரில் கையெழுத்து இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கையெழுத்து இல்லாத வவுச்சரில் தொகை என்ன என்று பார்க்க வேண்டும். சின்னத் தொகையைத் தொடவே வேண்டாம். கையெழுத்து இருக்கிறதையும் தொட வேண்டாம், ஏனென்றால் சின்னச் செலவுக்கும் மேலாளர் கையெழுத்துப் போட்டிருக்கலாம், அதில் மீறல் ஒன்றும் இல்லை. நாலு வகை வவுச்சரில் மீறல் ஒரே ஒரு வகையில்தான்: தொகை பெரிசு, கையெழுத்து இல்லை.

‘எக்ஸ் என்றால் ஒய்’ என்ற எந்த வாக்கியத்துக்கும் இதே கணக்குதான். அதை உடைப்பது எக்ஸ் இருந்து ஒய் இல்லாத நிலை மட்டும். மற்ற மூன்று நிலையிலும் வாக்கியம் அப்படியே நிற்கும். கான்ட்ராபாசிடிவ், அதாவது இரண்டு பக்கத்தையும் மறுத்துத் திருப்பிப் போடுவது, ஏன் சரி என்பதும் இதிலேயே விளங்கிவிடுகிறது. ‘ஒய் இல்லையென்றால் எக்ஸ் இல்லை’ என்பதை உடைப்பது எது? ஒய் இல்லாமல் எக்ஸ் இருப்பது. முன்னால் பார்த்த அதே ஆள்தான். இரண்டு வாக்கியத்தையும் உடைக்கிறவன் ஒருவனே என்றால் இரண்டும் ஒரே வாக்கியம். ‘ஒய் என்றால் எக்ஸ்’ என்பதை உடைக்கிறவன் வேறு ஆள், ஒய் இருந்து எக்ஸ் இல்லாதவன், அதனால் அது வேறு வாக்கியம். பி-யையும் டி-யையும் பிரிக்க எனக்கு இதற்குப் பிறகு பட்டியல் தேவைப்படவில்லை.

அப்புறம் தேடிப் படித்தபோதுதான் உளவியலில் இது பெயர் பெற்ற சோதனை என்று தெரிந்தது. பீட்டர் வேசன் என்பவர் 1966-ல் எழுதியது. நாலு அட்டை, மேலே தெரிவது ஈ (E), கே (K), 4, 7. ஒரு பக்கம் உயிரெழுத்து இருந்தால் மறுபக்கம் இரட்டைப்படை எண் இருக்கும் என்பது விதி. விதி உண்மையா என்று அறிய எந்த அட்டைகளைத் திருப்ப வேண்டும்? விடை ஈ-யும் 7-ம். பெரும்பாலோர் ஈ-யை மட்டும் எடுக்கிறார்கள், அல்லது ஈ-யையும் 4-ஐயும் எடுக்கிறார்கள். 7-ஐத் தொடுகிறவர்கள் மிகக் குறைவு. 1982-ல் கிரிக்ஸ், காக்ஸ் என்ற இருவர் அதே சோதனையை ‘பீர் குடிக்கிறவர் 19 வயதைத் தாண்டியிருக்க வேண்டும்’ என்ற விதியாக மாற்றிக் கொடுத்தார்கள், ஏறக்குறைய முக்கால்வாசிப் பேர் சரியாகச் சொல்லிவிட்டார்கள். கணக்கு ஒன்றேதான். எண்ணும் எழுத்துமாகக் கொடுத்தால் திணறுகிற மனுஷங்களே விதியை மீறுகிறவனைப் பிடி என்றால் தெளிவாக யோசிக்கிறார்கள். இதைப் படித்ததும் மனசிலிருந்து பெரிய பாரம் இறங்கியது. ‘எனக்கு லாஜிக் வராது’ என்று சொல்லிக்கொண்டு படிப்பையே விடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், அவர்களுக்கெல்லாம் இந்த நாலு அட்டையைக் காட்ட வேண்டும் போல இருக்கிறது.

சரி, ஒரு கேள்வியை முழுசாகப் போட்டுப் பார்க்கலாம், நானே எழுதிய மாதிரிக் கேள்விதான். ‘பட்ஜெட்டைத் திருத்தினால் ஒழிய குழு இந்தத் திட்டத்தை ஏற்காது. பொருளாளர் சம்மதித்தால் மட்டுமே பட்ஜெட்டைத் திருத்த முடியும். பொருளாளர் சம்மதித்துவிட்டார்.’ இதிலிருந்து கட்டாயம் உண்மையாவது எது? பி சொல்வது: குழு திட்டத்தை ஏற்கும். டி சொல்வது: குழு திட்டத்தை ஏற்றால் பட்ஜெட் திருத்தப்பட்டிருக்கும். முதல் விதியை மீறுவது திருத்தாத பட்ஜெட்டோடு ஏற்கப்பட்ட திட்டம். இரண்டாவதை மீறுவது பொருளாளர் சம்மதிக்காமல் திருத்திய பட்ஜெட். இப்போது பி பொய் என்று வைத்துக்கொள்ளுங்கள்: பொருளாளர் சம்மதித்தார், ஆனாலும் யாரும் பட்ஜெட்டைத் திருத்தவில்லை, திட்டம் விழுந்துவிட்டது. ஏதாவது விதி உடைந்ததா? இல்லை. அப்படியென்றால் பி கட்டாயம் இல்லை. டி பொய் என்று வைத்துப் பாருங்கள்: திட்டம் ஏற்கப்பட்டது, பட்ஜெட் திருத்தப்படவில்லை. முதல் விதி அங்கேயே உடைகிறது. ஆகவே விடை டி. படிக்க நீளமாகத் தெரிகிறது, பழகிவிட்டால் விடைக்குச் சில நொடிதான்.

இந்த மாதிரிக் கேள்வியில் ‘பொருளாளர் சம்மதித்துவிட்டார்’ என்ற வரியைப் படித்ததும் மனசு முன்னால் ஓடிவிடும், எல்லாம் கூடி வந்துவிட்டது, திட்டம் நிறைவேறிவிடும் என்று. அதற்குக் காரணம் உண்டு. அன்றாடப் பேச்சில் இஃப் இரண்டு பக்கமும் வேலை செய்கிறது. ‘வீட்டுப்பாடம் முடித்தால் விளையாடப் போகலாம்’ என்று சொன்னால் முடிக்காவிட்டால் போக முடியாது என்பதையும் குழந்தை சேர்த்தே கேட்டுக்கொள்கிறது. கைஸ், ஸ்விக்கி என்ற இரண்டு மொழியியலாளர்கள் 1971-லேயே இதைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். வாழ்க்கைக்குச் சொல்லாததையும் சேர்த்துக் கேட்கிற அந்தப் பழக்கம் தேவை, அது இல்லாவிட்டால் நாம் பேசுவதே யாருக்கும் புரியாது. தேர்வில் மட்டும் வாக்கியம் சொல்லாத பாதியைக் காதிலிருந்து கழற்றி வைக்க வேண்டியிருக்கிறது. அறிவாளிகள் இதில் சறுக்குவது இதனால்தான், காது நன்றாக வேலை செய்கிறது.

நம் தர்க்க சாஸ்திரத்தில் வரும் புகையும் நெருப்பும் இதற்கு மிக அழகாகப் பொருந்துகிறது. மலையில் புகை தெரிகிறது, ஆகவே அங்கே நெருப்பு உண்டு. அதற்கு ஆதரவாகச் சமையலறையைச் சொன்னார்கள், எதிர்ப்பக்கத்துக்குக் குளத்தைச் சொன்னார்கள்: குளத்தில் நெருப்பு இல்லை, புகையும் இல்லை. கான்ட்ராபாசிடிவ் அதுதானே? திருப்பிப் போட்டு ‘நெருப்பு இருந்தால் புகை இருக்கும்’ என்று யாராவது சொன்னால் பழுக்கக் காய்ச்சிய இரும்பு உருண்டையைக் காட்டினார்கள், அதில் நெருப்பு உண்டு, புகை கிடையாது. எனக்கு இப்போதும் திசை குழம்பினால் அந்த இரும்பு உருண்டையைத்தான் நினைத்துக்கொள்வேன்.

அம்புக்குறியே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. எங்கள் குழுவில் இருந்த இன்னொருவர், மென்பொருள் வேலையில் இருப்பவர், எதைப் பார்த்தாலும் அம்புக்குறி போடுவார், அவருக்கு விடை சரியாக வரும், நேரம்தான் போதாது. மூன்று நான்கு விதி சங்கிலியாக வந்தால் அவர் வழிதான் சரி, தலைக்குள் வைத்துக்கொண்டு போட முடியாது. எதைச் சேர்த்தால் முடிவு உறுதியாகும் என்று கேட்கும் சஃபிஷியன்ட் அசம்ப்ஷன் கேள்விகளிலும் அப்படியே, அம்புக்குறி போட்டால் ஆதாரத்துக்கும் முடிவுக்கும் நடுவில் விட்டுப்போன கண்ணி பளிச்சென்று தெரிந்துவிடும், விடையே அந்தக் கண்ணிதான். வாதத்தில் உள்ள பிழையைக் கேட்கும் ஃப்ளா கேள்விகளில் அவ்வளவு தேவையில்லை, நெசசரியை சஃபிஷியன்டாக எடுத்துக்கொண்டார்களா என்று மட்டும் பார்த்தால் பெரும்பாலும் போதும். ‘அண்ட்’ (and), ‘ஆர்’ (or) வந்தால் நின்று நிதானிக்க வேண்டும். ‘எக்ஸ் என்றால் ஒய்யும் இசட்டும்’ என்பதைத் திருப்பும்போது ‘ஒய் இல்லை, அல்லது இசட் இல்லை, அப்படியென்றால் எக்ஸ் இல்லை’ என்று ஆகும். இதையும் மீறினவனை வைத்தே சரிபார்க்கலாம், இரண்டில் ஒன்று குறைந்தாலே மீறல்தான்.

தப்பாகப் போட்ட கேள்விகளைத் திரும்பிப் பார்க்கும்போது சரியான விடை ஏன் சரி என்று எழுதி வைப்பதை நாங்கள் குறைத்துக்கொண்டோம். அதற்குப் பதிலாக மற்ற நாலு விடைக்கும், அந்த விடை பொய்யாக இருந்தும் பத்தியில் உள்ள எல்லாம் உண்மையாக நிற்கிற ஒரு சின்ன நிலைமையை எழுதினோம். ஆரம்பத்தில் ஒரு கேள்விக்கே வெகுநேரம் ஆகும், பொறுமை வேண்டும். எனக்குப் பலன் கொடுத்தது வேறு எதையும்விட இதுதான், தயங்காமல் சொல்வேன். பழைய தாள்களுக்கு, தேர்வை நடத்தும் எல்சாக் (LSAC) அமைப்பின் லாஹப் (LawHub) தளம் போதும், இலவசமாகவே சில முழுத் தேர்வுகள் கிடைக்கின்றன.

‘சம்’ (some, சிலர்), ‘மோஸ்ட்’ (most, பெரும்பாலோர்) இரண்டும் தனிக் கதை. இவற்றுக்குக் கான்ட்ராபாசிடிவ் கிடையாது. சம் இரண்டு பக்கமும் படிக்கலாம், சில கவிஞர்கள் வக்கீல் என்றால் சில வக்கீல்கள் கவிஞர். மோஸ்ட்டை அப்படித் திருப்ப முடியாது. ஒரே கூட்டத்தில் பெரும்பாலோருக்கு ஒரு குணம், பெரும்பாலோருக்கு இன்னொரு குணம் என்றால் இரண்டும் உள்ளவர் ஒருவராவது இருந்தே ஆக வேண்டும், பாதிக்கு மேல் இரண்டு முறை எடுத்தால் எங்கோ ஒன்றன்மேல் ஒன்று விழத்தானே வேண்டும். இதுவரைக்கும் சரி. ஆனால் பத்தியின் வாதத்தைப் போலவே அமைந்த விடையைத் தேடச் சொல்லும் பேரலல் ரீசனிங் கேள்வியில் மோஸ்ட்டும் அன்லெஸ்ஸும் சேர்ந்து வந்து, ஐந்து விடையும் ஆளுக்கொரு பத்தி நீளம் இருந்தால் மீறினவனைத் தேடுகிற வழி மெதுவாகிவிடுகிறது, ஏனென்றால் மோஸ்ட்டை ஒரே ஒரு ஆளால் உடைக்க முடியாது. நான் இப்போதைக்கு முடிவு வாக்கியத்தை மட்டும் ஒப்பிட்டு, பத்தியில் ‘மோஸ்ட்’ என்று முடிந்தால் ‘ஆல்’ என்று முடிகிற விடைகளை முதலில் தள்ளிவிட்டு மிச்சத்தைப் பார்க்கிறேன். இதைவிட வேகமான வழி யாரிடமாவது இருந்தால் எழுதுங்கள்.